விரற்கடை இடைவெளியில் எட்டு சிலிண்டர்

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்பனையான சிறிய ஸ்போர்ட்ஸ் கார் என்பதாலும், வார்ப்பிரும்பில் செய்த அதன் 1,798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் ஏறத்தாழ 95 குதிரைத்திறனைத் தாண்டாமலே நின்றுவிட்டதாலும், பெரிய எஞ்சின் பொருத்தப்படும் கார்களின் வரிசையில் பிரிட்டனில் எப்போதும் முன்னணியில் இருந்துவந்திருக்கிறது. இந்த வேலையில் பல பத்தாண்டுகளைக் கழித்தவர்களிடம் எந்த எஞ்சின் நல்லது என்று கேட்டால், அவர்கள் எஞ்சினைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். ஸ்டீயரிங் தண்டுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே எத்தனை விரற்கடை இருக்கிறது, பானெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே எவ்வளவு மிஞ்சுகிறது என்றுதான் பேசுவார்கள். எஞ்சினின் விலை மொத்தச் செலவில் சிறு பங்குதான் என்பதும், பெரும்பங்கு இந்தச் சின்னச் சின்ன இடைவெளிகளைச் சரிசெய்வதிலேயே கரைகிறது என்பதும், கைக்காசை எண்ணிச் செலவு செய்யும் எவரும் முதலில் அறியவேண்டிய உண்மை.

எம்ஜிபிக்குள் பெரும்பாலும் புகுத்தப்படும் ரோவர் வி8 எஞ்சின் பிறப்பால் அமெரிக்கத் தயாரிப்பு. வி8 என்பது நான்கு நான்காக இரண்டு வரிசை சிலிண்டர்களை ஆங்கில எழுத்து வி வடிவில் சாய்த்து, கீழே ஒரே கிராங்க் தண்டோடு இணைத்த அமைப்பு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1961 முதல் 1963 வரை தன் பியூக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்திய 3,528 சிசி அலுமினிய எஞ்சின், வார்ப்பதற்குச் செலவு பிடித்ததால் கைவிடப்பட்டது. ரோவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், படகு எஞ்சின் செய்யும் மெர்க்குரி மரைன் நிறுவனத்தின் பட்டறையில் அதைக் கண்டார். அதையடுத்து 1965இல் உற்பத்தி உரிமையை ரோவர் வாங்கியது. 1967இல் பி5பி, 1968இல் பி6, 1970இல் ரேஞ்ச் ரோவர், 1976இல் எஸ்டி1 என்று வரிசையாக அந்த எஞ்சின் வந்துகொண்டே இருந்ததால்தான், பிற்காலத்தில் பிரிட்டனின் பழைய கார் கிடங்குகள் முழுக்க அது குவிந்து கிடந்தது. எஞ்சின் மாற்றுவோருக்கு இந்த மலிவைவிடப் பெரிய அதிர்ஷ்டம் ஒன்று உண்டு. சிலிண்டர் கட்டையும் தலைப்பகுதியும் அலுமினியம் என்பதால், இருமடங்கு கொள்ளளவு கொண்ட இந்த எஞ்சின், எம்ஜிபியின் இரும்பு எஞ்சினைவிட எடையில் கூடுவதில்லை. சற்றுக் குறைவாகவே இருக்கிறது.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எம்ஜி நிறுவனத்தின் சொந்த வரலாறே சான்று. 1967இல் வெளிவந்த எம்ஜிசி என்ற மாதிரியில், அதே உடலுக்குள் 2,912 சிசி ஆறு சிலிண்டர் இரும்பு எஞ்சின் வைக்கப்பட்டது. முன்சக்கரங்களின் மேல் பாரம் ஏறியது. திருப்பத்தில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் காரின் மூக்கு வெளிப்பக்கமாகவே தள்ளிச் செல்வதாகப் பத்திரிகைகள் எழுதின, 1969இல் அந்த மாதிரி நிறுத்தப்பட்டது. கெண்ட் பகுதியில் பட்டறை வைத்திருந்த பந்தய வீரர் கென் காஸ்டெல்லோ, 1970 வாக்கில் அலுமினிய வி8 எஞ்சினை எம்ஜிபியில் பொருத்தி விற்கத் தொடங்கியபோது, ஆலையின் பொறியாளர்கள் பெரும்பாடுபட்டும் தீராத சிக்கல் எஞ்சின் தேர்விலேயே தீர்ந்துபோனது. அதன் பிறகு எம்ஜி நிறுவனமே 1973இல் எம்ஜிபி ஜிடி வி8 மாதிரியை வெளியிட்டு, 1976 வரை 2,591 கார்களைச் செய்தது. ரேஞ்ச் ரோவருக்குரிய குறைந்த அழுத்த விகித எஞ்சினைப் பயன்படுத்தியதால், அந்த ஆலைக் கார் 137 குதிரைத்திறனே தந்தது. அழுத்த விகிதம் என்பது சிலிண்டருக்குள் நுழைந்த பெட்ரோல் கலவை பிஸ்டனால் எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்னும் கணக்கு. குதிரைத்திறன் குறைவாக இருந்தும், சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசை நான்கு சிலிண்டர் எஞ்சினைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு கூடியது. அன்றாடச் சாலையில் ஓட்டுபவர் உணர்வது இந்த முறுக்குவிசையைத்தான்.

1980களின் பிற்பகுதியில் இந்த வேலைக்கு வந்தவர்களின் பெரும் கருவூலம் எஸ்டி1. பெரிய, அழகான அந்தக் காரின் தகடுகள் துருப்பிடித்து, வருடாந்தரத் தகுதிச் சோதனையில் தேறாமல் போனதும், எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் நல்ல நிலையில் இருந்தாலும், முழு வண்டியே சில நூறு பவுண்டுக்குக் கைமாறியது. இங்கேதான் அனுபவமில்லாதவரும் அனுபவசாலியும் பிரிகிறார்கள். கழற்றி வைத்த எஞ்சினை மட்டும் மலிவாக வாங்கியவர், பிறகு கிளட்ச், ஃபிளைவீல், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் தாங்கி, எண்ணெய் அழுத்த உணரி, கியர்பாக்ஸ் மூடியின் போல்ட் என்று ஒவ்வொன்றாய்த் தேடி அலைந்து, முழு வண்டியின் விலையைப்போல் இருமடங்கு செலவழிப்பார். ஓடும் நிலையிலுள்ள முழு வண்டியை வாங்கியவருக்கோ, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்க முடிந்தது, இணைப்புப் பொருள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது, வேண்டாத கண்ணாடி, இருக்கை, சக்கரங்களை விற்றுப் பாதிப் பணத்தை மீட்கவும் முடிந்தது. எம்ஜிபியிலிருந்து இறக்கிய பழைய எஞ்சினுக்கும் வாங்குவோர் எப்போதும் உண்டு. ஓவர்டிரைவ் எனப்படும் கூடுதல் வேகப்பல் இணைந்த கியர்பாக்ஸ் என்றால் இன்னும் நல்ல விலை கிடைக்கும். இதைக் கணக்கில் சேர்க்காமல் பட்ஜெட் போடுபவர் தன் கையிலிருக்கும் பணத்தையே குறைத்து எண்ணுகிறார்.

ரோவர் எஞ்சினை வாங்குமுன் பார்க்கவேண்டியவை சிலதான், ஆனால் அவற்றை விட்டுவிடக் கூடாது. ராக்கர் மூடியைத் திறந்தால் உட்புறம் பழுப்பு நிறத்தில் சுத்தமாக இருக்கவேண்டும். கரும்பிசின் படிந்திருந்தால் முந்தைய உடைமையாளர் எண்ணெயை நேரத்துக்கு மாற்றவில்லை என்று பொருள். எண்ணெய் பராமரிப்புக் கெட்ட ரோவர் எஞ்சினில் முதலில் தேய்வது கேம் தண்டு, அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட தண்டு. எட்டு சிலிண்டரின் பதினாறு ராக்கர்களையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்து, எது எவ்வளவு உயர்கிறது என்று டயல் கேஜால் அளந்தால், தேய்ந்த புடைப்பு தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். வெறுந்தண்ணீர் ஊற்றி ஓட்டிய எஞ்சினில், நீர்ப்பம்பு அமர்ந்திருக்கும் முன்பக்க அலுமினிய மூடி உட்புறம் அரித்துப்போயிருக்கும். துருத்தடுப்பு கலந்த குளிர்நீரை ஊற்றாதவர்கள் அலுமினியத்தைத் தின்னக் கொடுத்தவர்கள். பழைய எஞ்சின்களில் சிலிண்டர் தலை ஒவ்வொன்றையும் 14 போல்ட்கள் பிடித்திருந்தன. வெளி வரிசை நான்கை அதிகமாக முறுக்கினால் தலை ஒரு பக்கமாக இழுபடும் என்பதால், விவரமறிந்த மெக்கானிக்குகள் அவற்றை மெதுவாகவே முறுக்கினார்கள். பின்னாளில் உற்பத்தியாளரே அந்த நான்கையும் நீக்கி 10 ஆக்கியது அவர்களுடைய கை அறிவுக்குக் கிடைத்த சான்றிதழ்.

எஞ்சினை வாங்குமுன் காரைத்தான் பார்க்கவேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்த உடலே சட்டகம். கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் எனப்படும் பெட்டி வடிவ விளிம்புதான் திறந்த காரின் முதுகெலும்பு. வெளித்தகடு பளபளப்பாகவே இருக்கும், உள்ளே இருக்கும் நடுத்தகடு சல்லடையாகியிருக்கும். இதை எழுதுபவர் பார்த்த வண்டி ஒன்றில், புது எஞ்சினை ஏற்றி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும், அதுவரை ஒழுங்காக மூடிக்கொண்டிருந்த கதவு திறக்க மறுத்தது. உடல் நடுவில் வளைகிறது என்பதை அந்தக் கதவின் இடுக்கு ஒரு நொடியில் சொல்லிவிட்டது. அந்த உடைமையாளர் எஞ்சினுக்கு ஒதுக்கியிருந்த பணம் முழுவதும் சில்களுக்குப் போனது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபியின் புது உடல்களைச் செய்து விற்கத் தொடங்கியது பெரிய வரம்தான் என்றாலும், குறைந்த செலவில் வேலை செய்பவருக்கு அது எட்டாத வரம்.

காரைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு நுட்பம் உண்டு. 1974இன் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க விதிகளுக்காக எம்ஜிபிக்கு ரப்பர் பம்பர் பொருத்தி, உடலைச் சக்கரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். குரோம் பம்பர் பிரியர்கள் இதைப் பழித்தார்கள், விலையும் குறைவாகவே இருந்தது. ஆனால் வி8 மாதிரி அதே காலத்தில் தயாரானதால், ரப்பர் பம்பர் வண்டிகளின் எஞ்சின் அறைத் தகடுகள் வி8 எஞ்சினுக்கு இடம்விடும் வகையிலேயே வந்தன. எவரும் விரும்பாத வண்டியே இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான வண்டியாய் அமைந்தது. இந்த ஒரு தேர்வு மிச்சப்படுத்திய வெட்டல், தட்டல், வெல்டிங் வேலை கொஞ்சநஞ்சமல்ல.

பொருத்தும் வேலையில் இறங்கும்போது, நல்ல எஞ்சினை ஏற்றி இறக்கிப் பார்ப்பதைவிட, உள்ளுறுப்பு ஏதுமில்லாத வெற்று சிலிண்டர் கட்டை ஒன்றில் இரண்டு தலைகளைப் பூட்டி அதையே மாதிரியாக வைப்பதுதான் பட்டறைகளின் வழக்கம். பாரம் குறைவு, இரண்டு பேர் எளிதில் தூக்கலாம், கீறல் பட்டாலும் கவலையில்லை. கியர்பாக்ஸின் வெற்றுக் கூட்டையும் பின்னால் மாட்டி, எஞ்சின் நேர்க்கோட்டில் அமர்ந்திருக்கிறதா, பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் தண்டின் கோணம் சரியா என்று பார்த்த பிறகே தாங்கிகளின் இடத்தைக் குறிப்பார்கள். பானெட்டின் இடைவெளியை அளப்பதற்குக் களிமண் உருண்டைகளே போதும். கார்புரேட்டரின் உச்சியிலும், மானிஃபோல்டு எனப்படும் காற்றுக்கிளைக் குழாயின் மூலைகளிலும் உருண்டைகளை ஒட்டி, பானெட்டை மெதுவாக மூடித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் கனமே அங்கிருக்கும் இடைவெளி. அரை அங்குலத்துக்குக் குறைந்தால் ஓடும்போது தட்டும், ஏனெனில் எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு பக்கமாக உருள்கிறது.

ரோவர் காரிலிருந்து வந்த இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் அமைப்பு எம்ஜிபியின் பானெட்டுக்குள் அடங்காது. காஸ்டெல்லோ பானெட்டில் புடைப்பு வைத்து இடம் கண்டார். ஆலையின் பொறியாளர்கள் தனி இணைப்புக் குழாய் வார்த்து, இரண்டு கார்புரேட்டர்களையும் எஞ்சினின் பின்பக்கமாக, பயணிகள் அறையின் தடுப்புச் சுவரை ஒட்டி அமர்த்திப் பானெட்டைத் தொடாமல் விட்டார்கள். இரண்டுமே நேர்த்தியான தீர்வுகள். ஆனால் காஸ்டெல்லோவின் பானெட்டும் ஆலையின் இணைப்புக் குழாயும் அரிதாகி விலையேறிப்போயின. அதனால் செலவுக்கு அஞ்சியவர்கள், தாழ்வான அமெரிக்க மானிஃபோல்டின் மேல் ஒற்றைப் பெரிய ஹோலி அல்லது எடல்ப்ராக் கார்புரேட்டரை வைக்கும் வழியைப் பற்றிக்கொண்டார்கள். ஒரே கார்புரேட்டர் என்பதால் இரண்டை ஒன்றோடொன்று இசைவிக்கும் தொல்லையும் இல்லாமல் போனது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது புகை வெளியேறும் பாதை. பிரிட்டனில் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஸ்டீயரிங் தண்டு சாய்வாக இறங்கி, வலப்பக்க சிலிண்டர் வரிசையின் புகைக்குழாய் வெளிவரும் அதே இடத்தில்தான் திரும்பிச் சேரும். ஆலை செய்த வார்ப்பிரும்பு மானிஃபோல்டு இந்த இடுக்கில் நுழையும்படி நெருக்கமாக வடிக்கப்பட்டது. காற்றோட்டம் தடைபடும், ஆனால் மோதாது. கையால் வளைத்துச் செய்யும் குழாய்கள் பார்க்க அழகாயிருந்தாலும், ஸ்டீயரிங் இணைப்பிலிருந்து ஒரு விரல்கூட நுழையாத தூரத்தில் நின்ற வண்டிகளும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் சில மாதத்திலேயே ஸ்டீயரிங் இணைப்பின் கிரீஸ் உருகி வழிந்து, ஓட்டுபவரின் கைக்கு ஸ்டீயரிங் கடினமாகத் தொடங்கும். பின்பு 1993இல் ரோவர் நிறுவனம், எம்ஜிபியின் உருவத்தை மீட்டு 3.9 லிட்டர் வி8 எஞ்சினோடு வெளியிட்ட ஆர்வி8 என்ற மாதிரியில், புகைக்குழாய்களைச் சக்கர வளைவின் உட்சுவரைத் துளைத்து வெளியே எடுத்துப் பின் கீழே இறக்கியது. எஞ்சின் அறையின் வெப்பமும் ஸ்டீயரிங் சிக்கலும் ஒருசேரத் தீர்ந்தன. அதிலிருந்து பெரும்பாலான பட்டறைகள் இதே முறைக்கு மாறின. உட்சுவரில் வட்டத் துளை போட்டு விளிம்பை மடித்துவிடும் இவ்வேலை பொறுமையோடு செய்தால் வீட்டு முற்றத்திலேயே முடியும்.

கியர்பாக்ஸில் எஸ்டி1 வண்டியின் எல்டி77 என்னும் ஐந்து கியர் பெட்டியே எளிய வழி. அதை வைக்க, அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தை மாற்றி வெல்டிங் செய்யவேண்டும். பின் அச்சை மாற்றாமல் விட்டவர்கள் பலர். எம்ஜிபியின் பின் அச்சில் கிரவுன் பினியன் விகிதம் 3.9, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.9 சுற்றுச் சுற்றுகிறது. நான்காம் கியரில் மணிக்கு 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,900 சுற்று வரை கத்திக்கொண்டிருக்கும். சிறிய எஞ்சினுக்கு அது தேவை, முறுக்குவிசை மிகுந்த வி8 எஞ்சினுக்கு அது வீண். ஆலை வி8 மாதிரியில் இந்த விகிதம் 3.07, அதே வேகத்தில் சுற்று 3,000 அளவுக்கு இறங்கிவிடும். குதிரைத்திறனைக் கூட்ட விசேஷ கேம் தண்டு வாங்கியவர், அந்தப் பணத்தைப் பின் அச்சுக்குச் செலவிட்டிருந்தால் வண்டி வேகமாகவும் அமைதியாகவும் ஓடியிருக்கும் என்பது இதை எழுதுபவரின் அசையாத கருத்து.

குளிரூட்டலில் குறைக்கக் கூடாது. ரேடியேட்டரை முன்னே நகர்த்தி, இரட்டை மின்விசிறி வைத்த ஆலையின் ஏற்பாடே இன்றும் சரியான ஏற்பாடு. நெடுஞ்சாலையில் எந்த வண்டியும் குளிர்ந்திருக்கும். கோடை மாலையில் லண்டன் நெரிசலில் நிற்கும்போதுதான் ரேடியேட்டரின் தகுதி தெரியும். பிரேக்கிலும் ஆலை தடித்த டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் வைத்தது, அதைப் பின்பற்றுவதில் பெரிய செலவு இல்லை.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இதே வேலை வேறு உருவில் நடந்தது. அமெரிக்கர்களுக்குப் பழைய பியூக் எஞ்சின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது அரிதானதும், ஃபோர்டின் 302 வி8 எஞ்சினுக்கும், ஜெனரல் மோட்டார்ஸின் 3.4 லிட்டர் வி6 எஞ்சினுக்கும் அவர்கள் மாறினார்கள். எட்டுக்குப் பதில் ஆறு சிலிண்டரே போதும் என்று முடிவு செய்தவர்களின் கணக்கு மெச்சத்தக்கது. கமாரோ காரிலிருந்து வந்த அந்த வி6 குட்டையானது; அதனால் ஸ்டீயரிங், ரேடியேட்டர் இரண்டுக்கும் இடம் மிஞ்சுகிறது. டி5 என்ற ஐந்து கியர் பெட்டியும் அதோடு எளிதில் இணைகிறது. செலவில் பார்த்தால் அமெரிக்க மண்ணில் இதைவிடச் சிறந்த வழி இருந்ததாகத் தெரியவில்லை.

சட்டத்தின் கண்ணில் பிரிட்டன் இந்த வேலையிடம் பெரும்பாலும் தாராளமாகவே நடந்துகொண்டது. பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த முறைப்படி, மாற்றப்பட்ட காருக்கு மதிப்பெண் போட்டார்கள். உடலுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1. பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 மதிப்பெண் போதும். ஆகவே எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டையும் மாற்றியவர்கூட, உடலை வெட்டிச் சிதைக்காதவரை பழைய அடையாளத்தோடு ஓட்ட முடிந்தது. ஆனால் எஞ்சின் எண்ணையும் கொள்ளளவையும் பதிவு ஆவணத்தில் திருத்தாமல், காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லாமல் ஓட்டுபவர், விபத்து நேர்ந்தால் காப்பீடே இல்லாதவர் நிலைக்கு வந்துவிடுவார். மலிவாகச் செய்யும் ஆர்வத்தில் பலர் தள்ளிப்போடுவது இந்தத் தாள் வேலையைத்தான்.

இப்போது காலம் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு பிரிட்டனில் நின்றது, 10.5 அழுத்த விகிதம் கொண்ட பழைய பி6 எஞ்சின்கள் சாதாரணப் பெட்ரோலில் தட்டத் தொடங்கியதால், தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி ஓட்டவேண்டியதாயிற்று. ரேஞ்ச் ரோவரிலும் டிஸ்கவரியிலும் மின்னணு எரிபொருள் தெளிப்போடு வந்த 3.9 லிட்டர் எஞ்சின்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. கார்புரேட்டர் ஊசியைத் திருகிச் சரிசெய்யும் தலைமுறைக்குப் பின், மடிக்கணினியை இணைத்து எரிபொருள் அளவை எண்களால் திருத்தும் தலைமுறை வந்தது. 2004 வாக்கில் லேண்ட் ரோவர் கார்களிலிருந்தும் இந்த எஞ்சின் விடைபெற்றதால், கிடங்குகளில் குவியல் கரைந்து, எஸ்டி1 இன்று வெட்டி எடுக்கும் வண்டியாக இல்லாமல் பாதுகாக்கும் வண்டியாகிவிட்டது.

ஆகவே இன்று கையில் பணம் குறைவாக உள்ளவருக்கு மிச்சமிருக்கும் மலிவான வழி, வேறொருவர் தொடங்கிப் பாதியில் நிறுத்திய வண்டியை வாங்குவதே. அத்தகைய வண்டிகள் பெரும்பாலும் எஞ்சின் ஏறிய பிறகு, புகைக்குழாயிலோ மின்கம்பியிலோ மாட்டிக்கொண்டு நின்றவை. வாங்குமுன் சில்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும், எஞ்சின் தாங்கிகளின் வெல்டிங் தகட்டின் உட்புறம் வரை ஊடுருவியிருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்க்கவேண்டும், எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி எதுவும் உரசவில்லை என்று உறுதி செய்யவேண்டும். பிறகு பதிவு ஆவணத்தில் எழுதியிருக்கும் உடல் எண், தகட்டில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போனால் மட்டுமே பணத்தை எடுக்கவேண்டும்.